சைரனா, செல்பேசியா, மைக் வண்டியா? அதற்கு முன் ஒரு கேள்வி

2024 அக்டோபர் 29. ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் பெருமழை. அந்நாட்டு வானிலை அமைப்பு காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. ஒரு பகுதியில் இருக்கும் எல்லாச் செல்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் வசதியும் அங்கே தயாராக இருந்தது. ஆனால் மக்களின் செல்பேசி அலறியது இரவு 8.11க்கு. அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து நெடுநேரம் ஆகியிருந்தது. இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல்.

கருவியில் கோளாறு இல்லை. சேதி போன வேகத்திலும் குறை இல்லை. பொத்தானை அழுத்த முடிவெடுப்பதில்தான் பகல் முழுக்கக் கழிந்தது.

உள்ளாட்சி அலுவலகங்களில் ‘அவசரகாலத் தகவல் தொடர்பு’ என்று ஒரு கோப்பு திறந்தால் முதலில் மேசைக்கு வருவது கருவிகளின் பட்டியல்தான். சைரன் எத்தனை கிலோமீட்டர் கேட்கும், எஸ்எம்எஸ் எத்தனை பேருக்குப் போகும், செயலியில் என்னென்ன வசதி. அப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நிறுவனங்கள் வந்து படம் போட்டுக் காட்டிவிட்டுப் போகும். மூன்றும் நன்றாகத்தான் இருக்கும். ‘நள்ளிரவு இரண்டு மணிக்கு இதை அனுப்பச் சொல்வது யார்’ என்ற பேச்சு மட்டும் எழாது. அதனால் கருவிகளை அடுத்து வைத்துக்கொண்டு, ஒப்பீட்டை அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

அனுப்பச் சொல்வது யார்

நடைமுறையில் மூன்று ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, தலைமை அதிகாரி ஒப்புதல் கொடுத்தால்தான் எச்சரிக்கை போகும். இரண்டு, குழு கூடிப் பேசி முடிவெடுக்கும். மூன்று, கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருப்பவருக்கே அதிகாரம். ஆனால் எந்த அளவைத் தாண்டினால் அனுப்பலாம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

முதல் ஏற்பாட்டில் பொறுப்பு தெளிவு. சட்டச் சிக்கலும் குறைவு. ஆனால் அந்த ஒருவர் விமானத்தில் இருந்தால், தூங்கிக்கொண்டிருந்தால், செல்பேசியில் சார்ஜ் இல்லாவிட்டால் ஊரே அவருக்காகக் காத்திருக்க வேண்டும். குழு ஏற்பாடு தாளில் பார்க்க அழகாக இருக்கும். பல கண்கள் பார்ப்பதால் தவறு குறையும் என்பார்கள். நான் பார்த்தவரை, குழுவில் குறைவது துணிச்சல்தான். ஆளுக்கொரு சந்தேகம் கேட்டு, இன்னொரு அளவீடு வரட்டும் என்று முடியும். 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது, மாவட்ட நிர்வாகம் பேரிடர் நிலையை அறிவித்தது இரவு 11.09க்கு. ஆற்றின் மேல்பகுதி ஊர்கள் அதற்கு முன்பே மூழ்கிவிட்டன. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மூன்றாவது ஏற்பாட்டில் எல்லோரும் பயப்படுவது தவறான எச்சரிக்கைக்குத்தான். அந்தப் பயத்துக்கு ஆதாரமும் உண்டு. 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு ஹவாய் மக்களின் செல்பேசிகளில் ‘ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை இல்லை’ என்று சேதி வந்தது. பணிமாற்ற நேரத்து ஒத்திகையை ஓர் ஊழியர் நிஜம் என்று நினைத்து அனுப்பிவிட்டார். மாநிலமே பதறியது. ஆனால் அந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது அந்த முதல் சேதி அல்ல. தவறு என்று செல்பேசிகளில் மறுப்பு வர 38 நிமிடம் ஆனது. தவறாகப் போனால் என்ன அனுப்புவது என்று வாசகம் தயாராக வைத்திருக்கவில்லை. மாநில ஆளுநருக்கோ ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் நினைவில்லை. அதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சம்பவத்திலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம் ‘அதிகாரத்தைக் கீழே கொடுக்கக் கூடாது’ என்பது. என் கணக்கு வேறு. எச்சரிக்கை அனுப்ப இரண்டு பேர் வேண்டும் என்று வையுங்கள்: ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் படித்துச் சரி சொல்ல. இருவரும் அதே அறையில் இருப்பவர்களாக இருக்கட்டும். மறுப்புச் சேதி முன்பே எழுதிப் பக்கத்தில் இருக்கட்டும். மறுப்பை அனுப்ப ஒருவர் போதும், யாரையும் கேட்க வேண்டாம். இந்த ஏற்பாட்டோடு மூன்றாவது வழியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். எச்சரிக்கையை அனுப்பிய பிறகு தலைமை அதிகாரிக்குத் தகவல் சொன்னால் போதும்.

‘எச்சரித்தால் மக்கள் பீதியில் ஓடிவிடுவார்கள்’ என்ற தயக்கத்தையும் இங்கேயே பேசிவிடலாம். 2017 அக்டோபரில் கலிபோர்னியாவின் சொனோமா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) காட்டுத்தீ பரவியபோது, செல்பேசி எச்சரிக்கை வசதி கையில் இருந்தும் அதிகாரிகள் அதைப் பயன்படுத்தவில்லை. கவுண்டி முழுக்கப் போய்விடும், எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்தால் சாலை அடைபடும் என்று நினைத்தார்கள். பேரிடர்ச் சமூகவியல் ஆய்வாளர்கள் அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறானது. எச்சரிக்கை வந்ததும் பெரும்பாலானவர்கள் ஓடுவதில்லை. நம்பலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள், சன்னலைத் திறந்து பார்ப்பார்கள், மகளுக்குப் போன் போடுவார்கள். திட்டம் போடுபவர் கவலைப்பட வேண்டியது இந்தத் தாமதத்தைப் பற்றித்தான். ஒரே சேதி இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்ந்தால் அந்தத் தாமதம் குறையும்.

செல்பேசி வழிகள்: மூன்றும் ஒன்றல்ல

‘செல்பேசியில் அனுப்பிவிடலாம்’ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்குள் மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன: எஸ்எம்எஸ், செயலி, செல் பிராட்காஸ்ட்.

எஸ்எம்எஸ் என்பது தபால் மாதிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். நொடிக்கு நூறு சேதி போகிறது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு லட்சம் எண்களுக்கு 33 நிமிடம். அதுவும் ஆங்கில எழுத்தில், ஒரே துண்டாகப் போனால். தமிழில் அனுப்பும்போது கணக்கு மாறுகிறது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும்; யூனிகோடில் 70 குறியீடுதான். பல துண்டாகப் போனால் ஒரு துண்டுக்கு 67. தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘வெள்ளம்’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு.

ஒரு வாசகத்தை எடுத்துப் பார்ப்போம். அலுவலக நடையில் வழக்கமாக வருவது இது: ‘தொடர் கனமழை காரணமாக ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்து வருவதால் கரையோரப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் எச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இதைப் படித்துவிட்டு ஒருவரும் செருப்பை மாட்ட மாட்டார். யார் சொல்வது, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, எங்கே போவது, ஒன்றும் இல்லை. எச்சரிக்கை வாசகங்களை ஆராய்ந்த டென்னிஸ் மிலெட்டி போன்றவர்கள் வலியுறுத்துவது ஐந்து விஷயம்: சொல்வது யார், என்ன ஆபத்து, எந்த இடம், எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும். அதன்படி எழுதினால் இப்படி வரும்:

‘நகராட்சி எச்சரிக்கை. ஆற்று வெள்ளம் இரவு 9 மணிக்குள் கீழத்தெருவுக்கு வரும். இப்போதே மேட்டுப் பள்ளிக்குப் போங்கள். காலை 6 வரை திரும்ப வேண்டாம்.’

இடைவெளியும் புள்ளியும் சேர்த்து எண்ணினால் சுமார் 140 குறியீடு. மூன்று துண்டாகத்தான் போகும். 33 நிமிடம் என்று போட்ட கணக்கு 100 நிமிடம் ஆகிவிடும். கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டால் இரண்டு துண்டு. எதை வெட்டுவது, எதை வைப்பது என்று வெள்ளம் வரும் இரவில் யோசிக்க முடியாது. இந்த வாசகங்கள் இப்போதே எழுதி, தெருப் பெயரும் நேரமும் மட்டும் நிரப்பும்படி தயாராக இருக்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸின் இன்னொரு குறை, எண் பதிவு செய்தவருக்குத்தான் போகும். அன்று ஊருக்கு வந்த விருந்தாளிக்கும் வழியில் போகும் லாரிக்காரருக்கும் போகாது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது இந்தக் குறை முகத்தில் அறைந்தது. முன்பதிவு செய்தால்தான் எச்சரிக்கை வரும் என்ற ஏற்பாடு; பலர் பதிவு செய்திருக்கவில்லை. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். பெல்ஜியத்தில் செய்வதுபோல அந்த நேரத்தில் அந்த டவரில் இருக்கும் எண்களை எடுத்து அனுப்பும் எஸ்எம்எஸ் முறையும் உண்டு. பதிவுப் பிரச்சினை தீரும். வரிசையில் நிற்கும் பிரச்சினை தீராது.

செல் பிராட்காஸ்ட் தபால் அல்ல, வானொலி. டவர் ஒரு முறை பேசும், அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாச் செல்பேசியும் கேட்கும். பத்துப் பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் ஆகும் நேரம் ஒன்றே. எண் தெரிய வேண்டாம், பதிவு வேண்டாம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போன் போட்டு லைன் நெரிசலானாலும் இது நெரிசலில் சிக்காது. சைலண்டில் போட்டிருந்தாலும் தனி ஒலியோடு அலறும்படி வைக்க முடியும். ஒரு பக்கத்துக்கு 82 பைட் வீதம் அதிகபட்சம் 15 பக்கம். தமிழில் சுமார் 600 குறியீடு கொள்ளும். மேலே எழுதிய வாசகம் தாராளமாக அடங்கும். நெதர்லாந்து 2012 முதல் இதைப் பயன்படுத்துகிறது. ஆர் பள்ளத்தாக்கு வெள்ளத்தின்போது ஜெர்மனியிடம் இது இல்லை. 2023 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள்.

இதில் உள்ளாட்சிக்கு ஒரே சிக்கல்தான், ஆனால் பெரிய சிக்கல். இந்த வசதி பெரும்பாலும் உள்ளாட்சியின் கையில் இருக்காது. மாநிலமோ மத்திய அமைப்போ வைத்திருக்கும். நீங்கள் கோரிக்கை அனுப்ப, அவர்கள் சரிபார்த்து, சேதியாக வெளியே போகும். அது எத்தனை நிமிடம்? கேட்டால் ‘உடனே’ என்பார்கள். ஒத்திகை வைத்துக் கையில் கடிகாரத்தோடு பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் வைத்தால் இன்னும் நல்லது. வருகிற எண்தான் உங்கள் திட்டத்தில் எழுத வேண்டிய எண். எல்லை பிடிப்பதும் கறாராக இருக்காது. டவரின் அலை பக்கத்து ஊருக்கும் கசியும். அதனால்தான் வாசகத்தில் தெருப் பெயர் கட்டாயம்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரைபடம் காட்டலாம், படம் போடலாம், பல மொழியில் தரலாம், வெளியூரில் இருப்பவர் தன் அம்மாவின் ஊரைத் தேர்ந்து வைத்துக்கொள்ளலாம். நாட்கணக்கில் நீளும் பேரிடரில் எங்கே குடிநீர், எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று சொல்ல நல்ல கருவி. முதல் எச்சரிக்கைக்கு அதை நம்பக் கூடாது. நிறுவியிருக்க வேண்டும், இணையம் வேண்டும், அறிவிப்பை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். 2020 செப்டம்பர் 10 அன்று ஜெர்மனி நாடு தழுவிய எச்சரிக்கை ஒத்திகை நடத்தியபோது, பல கட்டுப்பாட்டு அறைகள் ஒரே நேரத்தில் அனுப்ப முயன்றதில் அமைப்பு திணறி, செயலிகளுக்குச் சேதி சுமார் அரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஒத்திகையில் தெரிந்ததே நல்லது. ஆனாலும் திறப்பு விழா நடத்த வசதியானது செயலிதான் என்பதால் நிதி முதலில் அங்கேதான் போகிறது.

காதுக்குப் போகும் வழிகள்

சைரனுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. கம்பத்தில் உயரமாக நிற்கும், வேலை நடந்ததாகத் தெரியும். அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 மீட்டரில் 120 டெசிபல் தரும் பெரிய சைரன் என்று வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கட்டடம், மரம், காற்று எல்லாம் சேர்ந்த ஊரில் 10 டெசிபல் குறையும் என்று போடுவதே நடைமுறை. 60 மீட்டரில் 110, 120 மீட்டரில் 100, இப்படியே போனால் ஒரு கிலோமீட்டரில் 70. வெளியே நிற்பவருக்குக் கேட்கும். கதவு சன்னல் சாத்திய வீட்டுக்குள் இன்னும் இருபது போல் குறைந்து 50. ஓட்டுக் கூரையில் அடைமழை பெய்யும் இரவில் 50 டெசிபல் சைரன் யார் காதில் விழும்? சைரன் என்பது வெளியே இருப்பவர்களுக்கான கருவி. கடற்கரை, அணைக்குக் கீழே ஆற்றுமணல், வயல், தொழிற்சாலை வளாகம் போன்ற இடங்களுக்கு அது மிகப் பொருத்தம். படுக்கையறைக்கு அல்ல.

சத்தம் எட்டினாலும் பொருள் எட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் மாவி தீவில் லஹைனா நகரம் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கிருந்த சைரன்கள் ஒலிக்கவே இல்லை. ஏன் ஒலிக்கவில்லை என்று கேட்டதற்குப் பொறுப்பு அதிகாரி சொன்ன காரணம்: சைரன் என்றால் மக்களுக்குச் சுனாமிதான் நினைவுக்கு வரும், மேட்டை நோக்கி ஓடுவார்கள், தீயோ மேட்டில் இருந்தது. அவர் பதவி விலகினார். அவரை எத்தனை குறை சொன்னாலும், அந்தக் காரணத்தில் இருக்கும் கேள்வி நிஜம். ஒரே ஊளை எல்லா ஆபத்துக்கும் என்றால், எந்தப் பக்கம் ஓடுவது? ஊருக்கு ஒரே ஒரு பெரிய ஆபத்து, அதற்கு ஒரே ஒரு பதில் என்றால் சைரன் போடுங்கள். இரண்டு ஆபத்து இருந்தால் பேசும் கருவி வேண்டும்.

பேசும் கருவிகளில் ஜப்பானின் கம்ப ஒலிபெருக்கிகளுக்கு இணையில்லை. பல ஊர்களில் சாயங்காலம் குறிப்பிட்ட நேரத்தில் அவற்றில் ஒரு சிறு இசை ஒலிக்கும். பிள்ளைகளுக்கு வீடு திரும்பும் நேரம்; நிர்வாகத்துக்கு அன்றாடச் சோதனை. ஒரு கம்பம் ஊமையானால் மறுநாளே யாராவது சொல்லிவிடுவார்கள். சோதனையை வழக்கமாக மாற்றிய அந்தத் தந்திரத்துக்குச் செலவே இல்லை. 2011 மார்ச் 11 சுனாமியின்போது மினாமிசன்ரிக்கு நகரில் ஓர் இளம் பெண் ஊழியர் அலை வந்து அடிக்கும்வரை ஒலிபெருக்கியில் மேட்டுக்கு ஓடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்து உயிரிழந்தார். பலர் அவர் குரலால் பிழைத்தார்கள். ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: பேசும் அறை ஆபத்து வரும் இடத்திலேயே இருக்கக் கூடாது.

கம்பத்துக்கு நிதி இல்லாத இடத்தில் கைக்கு எட்டுவது மைக் வண்டி. இதையும் கணக்குப் போட்டே வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 3 மீட்டர் போல் நகரும். ஒரு வீட்டுக்கு முன்னும் பின்னும் 50 மீட்டர் தெளிவாகக் கேட்கும் என்றால் அந்த வீட்டுக்குக் கிடைப்பது 36 நொடி. ஆகவே வாசகம் 12 நொடிக்குள் முடிந்தால்தான் ஒரு வீடு அதை இரண்டு முறை முழுசாகக் கேட்கும். நீளமாகப் படித்தால் ஒரு வீட்டுக்கு ‘இதனால் பொதுமக்களுக்கு’ கிடைக்கும், அடுத்த வீட்டுக்குக் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ கிடைக்கும். தெரு நீளம் மொத்தம் 40 கிலோமீட்டர் என்றால் ஒரு வண்டிக்கு நான்கு மணி நேரம், நான்கு வண்டிக்கு ஒரு மணி நேரம். எந்த வண்டி எந்தத் தெரு என்பது முன்பே வரைபடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு வண்டியும் பெரிய சாலையில்தான் சுற்றும்.

கடைசியாக மனிதர்கள். 1970இல் வங்கக் கடலோரத்தில் வீசிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வங்கதேச அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து கட்டிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்கள். கையில் சுற்றும் சைரன், மெகாஃபோன், கொடி. கொடிகளின் எண்ணிக்கை ஏறினால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். மின்சாரமே வேண்டாம். தெரிந்த முகம் வந்து சொல்வதால் ‘நம்பலாமா’ என்ற தயக்கமும் குறையும். காது கேளாதவர் வீட்டுக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி வீட்டுக்கும் நேரில் போய்ச் சேரும் வழி இதுதான். ஆனால் மணிக்கணக்கில் முன்னறிவிப்பு கிடைக்கும் ஆபத்துக்குத்தான் இது ஒத்துவரும். அரை மணியில் வந்து மோதும் சுனாமிக்கு வீடு வீடாகப் போக அனுப்பினால், போகிறவரையும் சேர்த்து இழப்போம்.

மனிதரும் ஒலிபெருக்கியும் சேர்ந்து வேலை செய்த ஊரும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவரின் போன் வந்தது. கிராமத் தகவல் மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊர் கரையை விட்டு விலகியது. யாரிடமும் அனுமதி கேட்க நேரமும் இல்லை, அவசியமும் இல்லை.

வானொலியை மறந்துவிடுகிறார்கள். பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தால் மின்சாரமும் இணையமும் போன மூன்றாம் நாளும் சேதி வரும். உள்ளூர் நிலையத்தோடு முன்பே பேசி, நேரடியாக ஒலிபரப்பில் பேச யாரை அழைப்பது என்று எண் வாங்கி வைப்பது அரை நாள் வேலை.

அதிகாரிகள் தங்களுக்குள் பேச

மக்களுக்குச் சொல்வது ஒரு பாதி. கட்டுப்பாட்டு அறையும் களத்தில் இருப்பவரும் பேசிக்கொள்வது மறுபாதி. இங்கே இப்போது எல்லோரும் நம்புவது வாட்ஸ்அப் குரூப்பை. அன்றாட வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. படம், இருப்பிடம், குரல் எல்லாம் போகும். ஆனால் காலை 11 மணிக்கு வந்த நீர்மட்டப் படத்தை யாரோ மதியம் 3 மணிக்கு மறுபடி அனுப்ப, அதைப் புதிய அளவு என்று நினைத்து வேலை நடக்கும். நடுவில் நாலு பேர் கும்பிடு போட்டிருப்பார்கள். டவர் போனால் மொத்தமும் போகும். 2017 செப்டம்பரில் மரியா புயல் கடந்த மறுநாள் புவேர்ட்டோ ரிக்கோவில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட செல்பேசி டவர்கள் செயலிழந்து கிடந்தன. அங்கே வெளியுலகோடு பேச உதவியவர்களில், சொந்த ரேடியோ கருவி வைத்துப் பேசும் ஆர்வலர்களான ஹாம் ரேடியோக்காரர்களும் உண்டு.

வாக்கி டாக்கி பழைய கருவி. என் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். டவர் வேண்டாம், ஒருவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள், குளிரிலும் மழையிலும் பெரிய பொத்தானை அழுத்தினால் போதும். கைக்கு எடுத்துப் போகும் செட்டுகள் கட்டடங்களுக்கு நடுவே ஓரிரு கிலோமீட்டர்தான் எட்டும். உயரத்தில் ரிப்பீட்டர், அதாவது வரும் அலையை வாங்கிப் பலமாக மறுபடி அனுப்பும் கருவி, வைத்தால் ஊர் முழுக்க எட்டும். அந்த ரிப்பீட்டருக்குப் பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். ரிப்பீட்டர் போனால் நேரடியாகப் பேச எந்த அலைவரிசை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பு, காவல், சுகாதாரம் என்று துறைக்கொரு சங்கேத எண் வைத்துப் பேசும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து உதவிக்கு வந்தவருக்கு அது புரியாது. ‘பாலம் உடைந்துவிட்டது’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

சேட்டிலைட் போன் வெளியுலகத்தோடு பேச ஒன்றிரண்டு போதும். அதைப் பற்றிய என் மனக்குறை ஒத்திகை ஒன்றில் வந்தது. பீரோவிலிருந்து பெட்டியை எடுத்தார்கள், பளபளவென்று புதுசு. பேட்டரி செத்திருந்தது. வேறு வழியில் சார்ஜ் ஏற்றினால் சந்தா எப்போதோ காலாவதி ஆகியிருந்தது. சந்தா இருந்திருந்தாலும், கட்டுப்பாட்டு அறை இருந்தது கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அந்தப் போனுக்குத் திறந்த வானம் வேண்டும்.

ஒரே கம்பத்தில் இரண்டையும் கட்டாதீர்கள்

நிதி கொஞ்சம்தான், இரண்டு மூன்று வழிதான் வாங்க முடியும் என்றால் எதை எதோடு சேர்ப்பது? எஸ்எம்எஸ், செயலி, வாட்ஸ்அப் என்று மூன்று வாங்கினால் பார்க்க மூன்று; உண்மையில் ஒன்று. டவர் சாய்ந்தால் மூன்றும் சாயும். டவர்களின் பேட்டரி பெரும்பாலும் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். தேர்வு செய்யும்போது ஒவ்வொரு வழிக்கும் எதிரே அது எதை நம்பி நிற்கிறது என்று எழுதுங்கள்: மின்சாரம், டவர், இணையம், சாலை, ஆள். ஒரே சொல் இரண்டு வரியிலும் வந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

என் தேர்வு இப்படி இருக்கும். முதலில் மேல்மட்டத்தோடு செல் பிராட்காஸ்ட் ஒப்பந்தம், கடிகாரம் வைத்துச் சோதித்தது. இரண்டாவது மைக் வண்டியும் தெருவாரியாகத் தன்னார்வலரும்; இது டவரை நம்பவில்லை. உள்ளே பேச வாக்கி டாக்கி. சைரன், நிமிடக் கணக்கில் வரும் ஆபத்து இருக்கும் இடத்தில் மட்டும், அந்த இடத்தில் மட்டும். அணைக்குக் கீழே இருக்கும் ஊருக்கு நான் வரிசையை மாற்றுவேன். அங்கே சைரன்தான் முதல். வெப்ப அலை, நோய்ப் பரவல் போல நாட்கணக்கில் வருவதற்கு வானொலியும் வீட்டுக்கு வரும் ஆளும் போதும். செல்பேசியை அலறவிட வேண்டாம். அடிக்கடி அலறினால் மக்கள் அணைத்து வைத்துவிடுவார்கள். எல்லா வழிக்கும் ஒரே வாசகம் போகும்படி, பொது எச்சரிக்கை நெறிமுறை என்று 2004 முதல் இருக்கும் தரத்தை மென்பொருள் ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே இடத்தில் எழுதினால் எல்லாக் கருவிக்கும் போகும். வண்டியில் ‘9 மணி’, செல்பேசியில் ‘8 மணி’ என்று முரண்படாது.

எண்ணைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். 2011இல் ஜப்பானின் முதல் சுனாமி எச்சரிக்கையில் சில பகுதிகளுக்கு 3 மீட்டர் என்று வந்தது. கடல்சுவர் அதைவிட உயரம் என்று சிலர் நகரவில்லை. வந்த அலை அதைவிட மிகப் பெரியது. 2013 முதல் மாபெரும் நிலநடுக்கங்களுக்கு, அளவு உறுதியாகத் தெரியும்வரை எண்ணைச் சொல்லாமல் ‘மிகப் பெரிய அலை’ என்றே அறிவிக்கிறார்கள்.

இவ்வளவையும் முடிவு செய்த பிறகு செலவே இல்லாத ஒரு வேலை பாக்கி இருக்கும். ஓர் அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் அவசர எண்கள் ஒட்டியிருந்தன, இருபதுக்கும் மேல். ஒரு மாலை உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் போன் போட்டேன். சில எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஓர் எண்ணை எடுத்தவர் பேரனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். “தம்பி, நான் ரிட்டையராகி மூணு வருஷம் ஆச்சு” என்றார். பெயரை அடித்துவிடுகிறேன் ஐயா என்றேன். “அடிச்சிடுங்க. ஆனா மேல் மதகோட சாவி எங்க தொங்குதுன்னு இப்ப இருக்கறவங்களுக்குத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்றார்.

கேட்டேன். தெரியவில்லை. அவர் எண்ணை அடிக்காமல், பக்கத்தில் ‘மதகுச் சாவி’ என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணைப் போட்டேன்.